பேனல் மூலையில் ஒரு எண்: லினக்ஸில் ப்ராசசர் சூட்டைப் படிப்பது

எல்எக்ஸ்டிஇ மாதிரி எடை குறைந்த டெஸ்க்டாப் வைத்திருப்பவர்கள் பலர், பேனலின் வலது மூலையில் கடிகாரத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன எண்ணை வைத்திருப்பார்கள். 47, 52, 61 என்று மாறிக்கொண்டே இருக்கும். ப்ராசசரின் சூடு. ஜுரம் வந்தால் தெர்மாமீட்டர் பார்க்கிற மாதிரி அதைப் பார்க்கிறோம். ஆனால் அந்த எண் எங்கிருந்து வருகிறது, யார் அளந்தது, எந்த அளவுக்கு நம்பலாம் என்று தோண்டிப் பார்த்தால் விஷயம் அவ்வளவு நேரானது இல்லை. சில கம்ப்யூட்டர்களில் அந்த எண் சுத்தமான கற்பனை. அதைப் பற்றிய குறிப்புகள்தான் இவை.

(கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் இங்கே தமிழ் எழுத்திலேயே எழுதுகிறேன். டெர்மினலில் ஆங்கிலத்தில்தான் அடிக்க வேண்டும் என்பது உங்களுக்கே தெரியும்.)

முதலில் அளக்கிற பொருள். சிலிக்கான் டயோடு ஒன்றில் மாறாத மின்னோட்டத்தைச் செலுத்தினால், அதன் குறுக்கே இருக்கும் மின்னழுத்தம் சூடு ஏற ஏறக் குறையும். ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 2 மில்லிவோல்ட். ப்ராசசரே சிலிக்கான் என்பதால், தெர்மாமீட்டரை வெளியிலிருந்து கொண்டுவந்து ஒட்ட வேண்டியதில்லை, சில்லுக்குள்ளேயே வைத்துவிடலாம். பென்டியம் 3 காலத்தில் உள்ளே டயோடு மட்டும் இருக்கும், அதை அளக்கிற சில்லு மதர்போர்டில் தனியாக இருக்கும். 2006-இல் வந்த கோர் டூயோ தலைமுறையிலிருந்து இன்டெல் அளக்கிற வேலையையும் உள்ளேயே கொண்டுபோய்விட்டது. ஒவ்வொரு கோருக்கும் ஒரு டிஜிட்டல் சென்சார்.

இங்கேதான் ஒரு வேடிக்கை. அந்த சென்சார் “நான் இப்போது 53 டிகிரி” என்று சொல்வதில்லை. “எல்லைக்கு இன்னும் 47 டிகிரி பாக்கி” என்றுதான் சொல்கிறது. எல்லை என்பது அந்தச் சில்லுக்கு இன்டெல் நிர்ணயித்த உச்ச வெப்பநிலை. பல மாடல்களில் 100, சிலவற்றில் 90, சிலவற்றில் 105. லினக்ஸ் கர்னலில் இருக்கும் ‘கோர்டெம்ப்’ என்ற ட்ரைவர் அந்த எல்லையிலிருந்து 47-ஐக் கழித்து 53 என்று நமக்குக் காட்டுகிறது. பஸ் டிக்கெட்டில் ஏறிய இடத்தை எழுதாமல், இறங்கும் இடத்துக்கு இன்னும் எத்தனை ஸ்டாப் என்று எழுதின மாதிரி.

ஏன் இப்படி? இன்டெல்லுக்கு வேண்டியது தெர்மாமீட்டர் இல்லை, எச்சரிக்கை மணி. எல்லைக்குப் பக்கத்தில் சரியாக இருந்தால் போதும் என்றுதான் சென்சாரைச் சரிபார்த்து அனுப்புகிறார்கள். எல்லையிலிருந்து விலக விலகப் பிழை கூடும். 95 என்று காட்டினால் தாராளமாக நம்பலாம். 30 என்று காட்டினால் அது 25 ஆகவும் இருக்கலாம், 38 ஆகவும் இருக்கலாம். “என் ரூமில் 33 டிகிரி வெயில், ஆனால் ப்ராசசர் 29 காட்டுது, கூலர் சூப்பர்” என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகரலாம். விசிறிக் காற்றால் ஒரு பொருளை அந்தக் காற்றைவிடக் குளிர வைக்க முடியாது.

சரி, லினக்ஸுக்கு வருவோம். சூட்டைக் கர்னல் இரண்டு இடங்களில் எழுதி வைக்கிறது, இரண்டுமே ‘சிஸ்’ கோப்பகத்துக்குள். ஒன்று ‘தெர்மல்’ வகுப்பு, இன்னொன்று ‘ஹெச்டபிள்யூமான்’ வகுப்பு. இரண்டிலும் சூடு டிகிரியில் ஆயிரத்தில் ஒரு பங்காக இருக்கும். கோப்பைத் திறந்தால் 53000 என்று இருந்தால் 53 டிகிரி. பயப்பட வேண்டாம். நமக்குப் பழக்கமான ‘சென்சார்ஸ்’ கட்டளை, ‘எல்எம்-சென்சார்ஸ்’ என்ற தொகுப்பில் வருவது, இரண்டாவது வகுப்பைத்தான் படித்து அழகாகக் காட்டுகிறது. பழைய மெஷினாக இருந்தால் தொகுப்பை நிறுவியதும் ‘சென்சார்ஸ்-டிடெக்ட்’ ஒருமுறை ஓட்டிவிடுங்கள். கேட்கிற கேள்விகளுக்கெல்லாம் அதுவே சொல்கிற விடையை ஏற்று என்டர் தட்டினால் போதும்.

‘சென்சார்ஸ்’ ஓட்டினால் பல பேருக்கு மேலேயே ‘ஏசிபிஐடிஇஸட்’ என்று ஒரு தலைப்பு வரும். இதுதான் நான் ஆரம்பத்தில் சொன்ன கற்பனை ஆசாமி. இது ப்ராசசருக்குள் இருக்கும் சென்சார் இல்லை. மதர்போர்டின் பயாஸில் எழுதப்பட்ட ஒரு சின்ன நிரல், கர்னல் கேட்கும்போது ஓர் எண்ணைத் திருப்பிக் கொடுக்கிறது, அவ்வளவுதான். லேப்டாப்களில் அது பெரும்பாலும் உண்மையான அளவு. டெஸ்க்டாப் போர்டுகளில் பல நேரம் தயாரிப்பாளர் ஏதோ ஒரு நிலையான எண்ணைப் போட்டுவிட்டுப் போய்விடுகிறார்.

அதை எப்படிக் கண்டுபிடிப்பது? 27.8, 29.8 என்று இரண்டு எண்கள் வருஷக்கணக்கில் அசையாமல் நிற்பதைப் பல டெஸ்க்டாப்களில் பார்க்கலாம். 27.8 என்ற விசித்திரமான எண் ஏன் என்று எனக்கு ரொம்ப நாளாக ஒரு குடைச்சல் இருந்தது. விடை அலகில் இருக்கிறது. ஏசிபிஐ தரநிலைப்படி சூட்டைக் கெல்வினில், அதுவும் பத்தில் ஒரு பங்காகச் சொல்ல வேண்டும். நிரல் எழுதியவர் 3010 என்று ஒரு முழு எண்ணைப் போட்டிருக்கிறார், அதாவது 301.0 கெல்வின். கர்னல் அதிலிருந்து 2732-ஐக் கழிக்கிறது. 278, அதாவது 27.8 டிகிரி. 3030 போட்டால் 29.8. அளந்து வந்த எண் இல்லை, கையால் எழுதிய எண். உங்கள் பேனலில் இந்த எண் ஓடிக்கொண்டிருந்தால், கம்ப்யூட்டர் பற்றி எரிந்தாலும் அது 27.8 என்றுதான் சொல்லும்.

ஏஎம்டி பக்கம் கதை வேறு. அங்கே ட்ரைவர் பெயர் ‘கே10டெம்ப்’. அது காட்டும் ‘டிகன்ட்ரோல்’ என்ற அளவு விசிறியைக் கட்டுப்படுத்துவதற்காக ஏஎம்டி தருகிற ஓர் எண். உண்மையான சூடாக இருந்தே தீரவேண்டும் என்ற கட்டாயம் அதற்கில்லை. முதல் தலைமுறை ரைசன் 1700எக்ஸ், 1800எக்ஸ் ப்ராசசர்களில் அந்த எண் உண்மையைவிட 20 டிகிரி கூடுதலாக வரும்படியே வைத்திருந்தார்கள். விவரம் தெரியாமல் கூலரை மாற்றியவர்கள் உண்டு.

இப்போது டெஸ்க்டாப். எல்எக்ஸ்டிஇ-யின் பேனலில் வலது க்ளிக் செய்து, வெப்பநிலை கண்காணிக்கும் ப்ளக்இன்னைச் சேர்க்கலாம். சாதாரண நிலைக்கு ஒரு நிறம், இரண்டு எச்சரிக்கை நிலைகளுக்கு இரண்டு நிறங்கள் வைத்துக்கொள்ளலாம். சென்சாரைத் தானாகத் தேர்ந்தெடுக்கும் வசதி இருக்கிறது, ஆனால் மேலே சொன்ன ஆசாமியின் காரணமாக நான் அதை அணைத்துவிட்டு நானே பாதையைக் கொடுப்பேன். எக்ஸ்எஃப்சிஇ-க்குத் தனி சென்சார் ப்ளக்இன் இருக்கிறது, லுபுன்டு 18.10-இலிருந்து மாறிய எல்எக்ஸ்க்யூட்டியிலும் இருக்கிறது. எக்ஸ்எஃப்சிஇ-யில் எனக்குப் பிடித்தது ‘ஜென்மான்’ என்ற ப்ளக்இன்தான். நாம் எழுதும் எந்த ஸ்க்ரிப்டையும் சில நொடிக்கு ஒருமுறை ஓட்டி, அது சொல்வதைப் பேனலில் காட்டும். கோப்பைப் படி, ஆயிரத்தால் வகு, எழுது. மூன்று வரி.

அந்த மூன்று வரியில் ஒரு பள்ளம் உண்டு. ‘ஹெச்டபிள்யூமான்’ கோப்பகங்களுக்கு 0, 1, 2 என்று வரும் எண்கள் நிரந்தரமானவை இல்லை. ட்ரைவர்கள் ஏறும் வரிசைப்படி எண் கிடைக்கும். இன்றைக்கு 2 என்பது ப்ராசசர், நாளை ரீபூட் செய்தால் அதே 2 வைஃபை கார்டாக இருக்கலாம். அதனால் எண்ணை நம்பாமல், ஒவ்வொரு கோப்பகத்துக்குள்ளும் இருக்கும் ‘நேம்’ என்ற கோப்பைப் படித்து, ‘கோர்டெம்ப்’ என்று எழுதியிருப்பதைத் தேடி எடுக்க வேண்டும். இணையத்தில் கிடைக்கும் ரெடிமேட் ஸ்க்ரிப்டுகளில் பாதி இதைச் செய்வதில்லை.

இன்னொன்று: நொடிக்கு நான்கு முறை அளந்து அழகான வரைபடம் போடத் தேவையில்லை. பழைய ப்ராசசர் சும்மா இருக்கும்போது ஆழ்ந்த தூக்க நிலைக்குப் போய்த்தான் சூட்டைக் குறைக்கிறது. அதைத் தட்டித் தட்டி எழுப்பி “தூங்கறியா?” என்று கேட்டால் எப்படி? ஐந்து நொடிக்கு ஒருமுறை போதும்.

இவ்வளவையும் எதற்குத் தெரிந்துகொள்ள வேண்டும் என்றால், இதில் காசு இருக்கிறது. மதுரையில் இன்ஜினியரிங் படிக்கும் என் அக்கா பையனிடம் ஒரு பழைய இன்டெல் லேப்டாப், லுபுன்டு போட்டது. வீடியோ பாடம் பார்க்க ஆரம்பித்து இருபது நிமிஷத்தில் பட்டென்று அணைந்துவிடும். செமஸ்டருக்கு மூன்று வாரம். பக்கத்துக் கடையில் காட்டியிருக்கிறான். “மாமா, போர்டு போச்சாம். பன்னெண்டாயிரம் ஆகுமாம். அதுக்கு செகண்ட் ஹேண்ட்ல வேறயே வாங்கிடலாம்னு சொல்றாரு.” அக்கா வீட்டில் அந்தப் பன்னிரண்டாயிரம் சும்மா புரளும் காசு இல்லை.

போனிலேயே இரண்டு வேலை செய்யச் சொன்னேன். முதலாவது, முந்தைய பூட்டின் கர்னல் பதிவைப் பார்ப்பது. ‘ஜர்னல்சிடிஎல்’ கட்டளையில் பூட் எண்ணாக மைனஸ் ஒன்று கொடுத்தால் வரும். கடைசி வரிகளிலேயே இருந்தது: வெப்பநிலை அபாய எல்லையைத் தொட்டதால் அணைக்கிறேன் என்று கர்னல் எழுதிவிட்டுத்தான் போயிருக்கிறது. அதற்கு மேலே, கோர் சூடானதால் வேகத்தைக் குறைத்தேன் என்று வரிசையாகப் பல வரிகள். போர்டு செத்திருந்தால் இப்படிச் சாவகாசமாகக் குறிப்பெழுதிவிட்டுப் போகாது.

இரண்டாவது, ‘வாட்ச்’ கட்டளையோடு ‘சென்சார்ஸ்’ ஓட்டிவிட்டு, ஒரு வீடியோவைப் போட்டு எண்களைச் சத்தமாகப் படிக்கச் சொன்னேன். “அறுபத்தாறு... எண்பத்தொம்பது மாமா, தொண்ணூத்தாறு!” மூன்று நான்கு நொடிக்குள். வீடியோவை நிறுத்தியதும் அதே வேகத்தில் எழுபதுக்கு இறங்கியது.

எண்ணைவிட அந்த ஏற்ற இறக்கத்தின் வடிவம்தான் முக்கியம். சில்லு என்பது ஒரு நகக்கண் அளவு சிலிக்கான். அதில் வெப்பத்தைச் சேமிக்க இடமே இல்லை. அதன் மேல் உட்கார்ந்திருக்கும் செம்புத் தகட்டுக்கும் குழாய்க்கும்தான் இடம் உண்டு, அவை சூடேற நிமிஷக்கணக்கில் ஆகும். வேலை கொடுத்ததும் சூடு செங்குத்தாகத் தாவி, நிறுத்தியதும் செங்குத்தாக விழுந்தால், வெப்பம் சில்லிலிருந்து செம்புக்கே போகவில்லை என்று அர்த்தம். நடுவில் தடவிய பேஸ்ட் காய்ந்து போயிருக்கும், அல்லது திருகு தளர்ந்திருக்கும். மாறாக, ஐந்து பத்து நிமிஷம் மெதுவாக ஏறிக்கொண்டே போய், நிறுத்திய பிறகும் மெதுவாக இறங்கினால், செம்பு வரை வந்த வெப்பம் காற்றுக்குப் போகவில்லை: விசிறியோ, தகடுகளுக்கு நடுவில் அடைத்த பஞ்சுத் தூசியோ காரணம்.

இவனுடையது முதல் வகை. வேறு ஒரு மெக்கானிக்கிடம் பழைய பேஸ்ட்டைச் சுரண்டிவிட்டுப் புதிதாகத் தடவச் சொன்னோம். திறந்தபோது தூசியும் ஒரு கைப்பிடி இருந்ததாம், அதையும் எடுத்துவிட்டார். 450 ரூபாய். சும்மா இருக்கும்போது 48, வீடியோவில் 74. செமஸ்டர் அதே லேப்டாப்பில்தான் எழுதப் படித்தான்.

அறையின் சூட்டையும் கணக்கில் எடுக்க வேண்டும். மோட்டாவாகச் சொன்னால், சில்லின் சூடு = அறையின் சூடு + (வாட் × வெப்பத் தடை). 25 டிகிரி அறையில் 15 வாட் செலவழித்து 70 காட்டினால், தடை ஒரு வாட்டுக்கு 3 டிகிரி. அதே லேப்டாப், அதே வேலை, மே மாதம் மின்விசிறி மட்டும் ஓடும் 38 டிகிரி அறையில் 83 காட்டும். ஒன்றும் கெட்டுப்போகவில்லை, வெயில்தான். உண்மையில் கொஞ்சம் கூடவே காட்டும், ஏனென்றால் சூடான சிலிக்கானில் மின்கசிவு அதிகம், அது இன்னும் சூட்டைத் தரும். ஏசி அறையில் எடுத்த அளவுகளை வைத்து வெளிநாட்டுக்காரர்கள் எழுதும் “இவ்வளவுதான் இருக்கணும்” பட்டியல்களை நம் ஊர் மே மாதத்துக்கு அப்படியே பொருத்தாதீர்கள்.

சூடு அபாயமா இல்லையா என்பதற்கு எண்ணைவிட நேரான ஒரு சாட்சி உண்டு. இன்டெல் மெஷின்களில் ஒவ்வொரு சிபியுவின் கோப்பகத்திலும் ‘தெர்மல் த்ராட்டில்’ என்று ஒரு துணைக்கோப்பகம் இருக்கும். அதற்குள் அந்தக் கோர் சூட்டினால் எத்தனை முறை வேகத்தைக் குறைத்துக்கொண்டது என்ற எண்ணிக்கை இருக்கிறது. பூட் ஆனதிலிருந்து அது பூஜ்யமாகவே இருந்தால், 85 காட்டினாலும் நிம்மதியாக வேலையைப் பாருங்கள். ஆயிரக்கணக்கில் இருந்தால், 75 காட்டும் நேரத்திலும் நம்பாதீர்கள்.

சுத்தம் செய்தும் சூடு அடங்கவில்லை என்றால் டர்போவை அணைத்துப் பார்க்கலாம். ‘இன்டெல் பிஸ்டேட்’ கோப்பகத்தில் இருக்கும் ‘நோ டர்போ’ கோப்பில் ரூட்டாக 1 என்று எழுத வேண்டும். செலவாகும் மின்திறன் வேகத்துக்கும் மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கும் ஏற்பக் கூடுகிறது. டர்போவில் இரண்டும் சேர்ந்து ஏறுவதால், கடைசிக் கொஞ்ச வேகத்துக்கு நாம் கொடுக்கும் சூடு ரொம்ப அதிகம். ப்ரௌசரும் வீடியோவும் ஓடுகிற மெஷினில் வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. ரீபூட் செய்தால் பழையபடி ஆகிவிடும் என்பதால் தைரியமாக முயன்று பார்க்கலாம்.

இதே முறையில் ஹார்ட் டிஸ்கின் சூட்டையும் பேனலுக்குக் கொண்டுவரலாம். கர்னல் 5.6-இலிருந்து ‘ட்ரைவ்டெம்ப்’ என்ற மாட்யூல் இருக்கிறது. அதை ஏற்றினால் டிஸ்கும் இன்னொரு ‘ஹெச்டபிள்யூமான்’ ஆக வந்து உட்கார்ந்துவிடும். ‘நேம்’ கோப்பைப் பார்த்து எடுக்கும் அதே ஸ்க்ரிப்ட் அதற்கும் செல்லும்.