மருந்தை வெளியேற்றும் வாயில்கள்



நம் முற்றங்களிலே வெள்ளையும் இளஞ்சிவப்புமாகப் பூத்து நிற்கும் நித்தியகல்யாணியை அறியாதார் இலர். அதன் இலையிலிருந்து வின்பிளாஸ்டின் என்னும் பொருளைக் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் றொபேட் நோபிள், சார்ள்ஸ் பியர் என்போர் பிரித்தெடுத்து 1958இல் உலகுக்கு அறிவித்தனர். அதன் உடன்பிறப்பாகிய வின்கிறிஸ்டின், குழந்தைகளின் குருதிப் புற்றுநோய்க்கு இன்றும் வழங்கப்படும் மருந்துகளுள் ஒன்றாகும்.

ஆயினும், முதலில் மருந்துக்குப் பணிந்த நோய் சிலரிடத்தே மீண்டும் தலையெடுக்கிறது. அப்போது அதே மருந்து பயன்படுவதில்லை. என் மாணவன் ஒருவனின் தாயார், "மருந்தேற்ற ஒருநாளேனும் பிந்தவில்லையே, ஐயா! நான் எங்கே பிழைவிட்டேன்?" என்று கண்ணீருடன் வினவினார். அவ்வினாவுக்குரிய விடையின் ஒரு பகுதி கலத்தின் மென்சவ்விலே இருக்கிறது.

மென்சவ்வு வெறும் உறையன்று. பொருள்களை உள்ளே கொணரும் புரதங்களும் வெளியே தள்ளும் புரதங்களும் அதிற் பதிந்துள்ளன. கார்த்திகைக் கிழங்கிலும் காணப்படும் கொல்சிசின் என்ற நஞ்சுக்கு மடியாத கலங்களை ரொறன்ரோ நகரில் ஆராய்ந்த ஜூலியானோ, லிங் என்னும் இருவர், அவற்றின் மென்சவ்வில் ஒரு புரதம் மிகுந்திருப்பதை 1976இல் வெளியிட்டனர். அதுவே பி-கிளைக்கோபுரதம். ஓட்டைத் தோணியிற் புகும் நீரைத் தோணிக்காரன் ஓயாது இறைத்துக் கொட்டுவதுபோல, உட்புகும் மருந்தை அது கலத்தின் சக்தியைச் செலவிட்டு வெளியே இறைக்கிறது. அமைப்பில் வேறுபட்ட பல மருந்துகளையும் அது இறைக்கவல்லது. எனவே ஒரு மருந்தை எதிர்க்கக் கற்ற கலம் வேறு பலவற்றையும் எதிர்க்கிறது.

இதற்கு மாறான வழியும் உண்டு. மெதொத்திரெக்சேற்று என்னும் மருந்து, போலேற்றைக் கொணரும் வாயிலாலேயே பெரும்பாலும் உட்புகும். அவ்வாயில் குறைந்த கலத்துள் மருந்து போதிய அளவு சேர்வதில்லை.

அப்படியாயின், இறைக்கும் புரதத்தை அடைத்துவிடலாகாதா? இதய நோய்க்குரிய வெரப்பமில் மருந்து அவ்வாறு வெளியேறுவதைத் தடுக்கவல்லது என யப்பானிய அறிஞர் 1981இல் காட்டினர். ஆனால் அதே புரதம் நம் குடலிலும் ஈரலிலும் சிறுநீரகத்திலும் நின்று நஞ்சகற்றுகிறது, மூளையையும் காக்கிறது. அதனை அடைத்தால் நல்ல கலங்களிலும் மருந்து தேங்கித் தீங்கு விளையும். இதுவும் ஒரு காரணமாக அம்முயற்சிகள் எதிர்பார்த்த பலனைத் தரவில்லை.

மருந்து தோற்பதற்குக் காரணங்கள் வேறும் உள. ஆயினும் அத்தாயாருக்கு நான் கூறிய மறுமொழி இதுவே: "அம்மா, நீங்கள் பிழை எதுவும் விடவில்லை. உடலைக் காக்க அமைந்த காவலனையே நோய் தன் பக்கம் சேர்த்துக்கொண்டது."