இணைய உலாவியும் நம் விழிப்பும்

இணையத்தில் நம்மைக் காப்பது நல்ல உலாவியா, நல்ல பழக்கமா என்னும் வழக்கு மாணவர்களிடையே அடிக்கடி எழுவதுண்டு. "சிறந்த உலாவி ஒன்றைத் தேர்ந்துகொண்டால் போதும், மற்றவற்றை அது பார்த்துக்கொள்ளும்" என்பர் ஒரு சாரார். "எந்த உலாவியானால் என்ன? விழிப்புள்ளவன் ஏமாற மாட்டான்" என்பர் மற்றொரு சாரார். இவ்வழக்கைத் தீர்ப்பதற்கு 2011ஆம் ஆண்டில் நிகழ்ந்த ஒரு நிகழ்ச்சி நமக்குத் துணைபுரியும்.

அதற்கு முன், உலாவி செய்யும் காவல் யாது என அறிதல் வேண்டும். நாம் ஓர் இணையதளத்திற்குச் செல்லும்போது, அத்தளம் தன் சான்றிதழை உலாவியிடம் காட்டுகிறது. சான்றிதழ் வழங்குவதற்கென்றே சில நிறுவனங்கள் உள்ளன. அவற்றுள் நம்பத் தக்கவை இவை என்ற பட்டியல் ஒன்றும் உண்டு. அப்பட்டியலில் உள்ள நிறுவனத்தின் கையொப்பம் இருப்பின், உலாவி சான்றிதழை ஏற்றுக்கொள்கிறது. அதன்பின் இரு பக்கமும் செல்லும் செய்திகள், இடைவழியில் எவரும் படிக்க இயலாதவாறு சங்கேத மொழியாக மாற்றப்படுகின்றன.

நெதர்லாந்து நாட்டில் டிஜிநோட்டார் என்றொரு சான்றிதழ் நிறுவனம் இருந்தது. அந்நாட்டு அரசாங்கத் தளங்களும் அதன் சான்றிதழைக் கொண்டிருந்தன. 2011ஆம் ஆண்டின் நடுவில் அதன் கணிப்பொறிகளுள் திருட்டுத்தனமாகப் புகுந்தோர், 500க்கு மேற்பட்ட போலிச் சான்றிதழ்களை உண்டாக்கிக்கொண்டனர். அவற்றுள் ஒன்று கூகுளின் பெயரில் அமைந்தது. ஜூலைத் திங்களிலேயே ஊடுருவலை அறிந்தும், நிறுவனம் அதனை உலகுக்கு அறிவிக்கவில்லை. அப்போலிச் சான்றிதழைக் கொண்டு ஈரான் நாட்டில் ஜிமெயில் பயன்படுத்துவோரின் கடிதங்களை இடைமறித்துப் படிக்க வழி ஏற்பட்டது. சுமார் 3 இலட்சம் இணைய முகவரிகள் இவ்வலைக்குள் அகப்பட்டன என்று பின்னர் நடந்த ஆய்வு கூறிற்று. கருத்துக்காகச் சிறை புக நேரும் நாட்டில், தனிக்கடிதம் பிறர் கண்ணில் படுவது சிறு தீங்கன்று.

மற்ற உலாவிகள் ஐயம் ஏதும் கொள்ளவில்லை. கையொப்பம் பட்டியலில் உள்ள நிறுவனத்தினுடையதே அன்றோ? ஆனால் கூகுள் தளத்திற்குச் சான்று வழங்க உரியவர் இன்னார் என்ற குறிப்பு குரோம் உலாவியில் முன்னரே பதிக்கப்பட்டிருந்தது. ஆதலின் அது எச்சரிக்கை விடுத்தது. ஈரானில் அதனைக் கண்ட ஒருவர், எச்சரிக்கையைத் தள்ளிவிட்டு மேலே செல்லவில்லை. ஆகஸ்டுத் திங்களின் இறுதியில், இதன் பொருள் யாது எனப் பலரறிய வினவினார். அவ்வொரு வினாவால் உண்மை வெளிப்பட்டது. உலாவி நிறுவனங்கள் டிஜிநோட்டாரைத் தம் பட்டியலிலிருந்து நீக்கின. செப்டம்பர்த் திங்களில் அந்நிறுவனம் திவாலாயிற்று.

இங்கே உலாவியும் வேண்டியிருந்தது. பயன்படுத்துவோரின் பழக்கமும் வேண்டியிருந்தது. எச்சரிக்காத உலாவியிடம் விழிப்புள்ளவரும் ஏமாந்திருப்பார். எச்சரிக்கையை மதியாதவருக்கு நல்ல உலாவியும் உதவியிராது. மற்றொன்றையும் நோக்குங்கள். டிஜிநோட்டாரின் பெயரை நீக்கிய திருத்தம், உலாவியின் புதிய பதிப்பாகவே வந்தது. "பிறகு பார்ப்போம்" என்று அதனை ஒதுக்கியவரின் கணிப்பொறி, கள்ளச் சான்றிதழைத் தொடர்ந்து நம்பிக்கொண்டே இருந்திருக்கும்.

உலாவியின் காவலுக்கு ஓர் எல்லையும் உண்டு. முகவரியின் அருகே நெடுங்காலம் காட்டப்பட்டு வந்த பூட்டுக் குறி, வழி காவலுடையது என்பதை மட்டுமே கூறிற்று. வழியின் முடிவில் இருப்பவர் நல்லவர் என்று கூறவில்லை. 2015ஆம் ஆண்டு முதல் லெட்ஸ் என்கிரிப்ட் என்னும் அமைப்பு, சான்றிதழ்களை இலவசமாக வழங்கி வருகிறது. இதனால் விளைந்த நன்மை பெரிது. எனினும், வஞ்சகரும் தம் சொந்தத் தளத்திற்கு முறையான சான்றிதழ் பெற்றுவிடலாம். பூட்டைக் கண்டு மக்கள் தளத்தையே நம்பிவிடுகின்றனர் என்று கருதி, 2023இல் குரோம் உலாவி அக்குறியை நீக்கிற்று.

ஆதலின் முகவரியைப் படிக்கக் கற்றல் வேண்டும். "வங்கி.பரிசு.காம்" என்று ஒரு முகவரி இருப்பதாகக் கொள்வோம். முதலில் நிற்கும் "வங்கி" என்ற சொல்லைக் கண்டு மயங்குதல் எளிது. ஆனால் அத்தளத்திற்கு உரியவர் "பரிசு.காம்" என்ற பெயரைப் பதிவு செய்தவரே. அதற்கு முன்னே எச்சொல்லையும் அவர் தம் விருப்பம்போல் சேர்த்துக்கொள்ளலாம்.

மாணவர்களே, உலாவி புதிய பதிப்பைத் தரும்போது காலந்தாழ்த்தாது ஏற்றுக்கொள்ளுங்கள். கடவுச்சொல்லை எழுதுமுன் முகவரியை ஒருமுறை படியுங்கள். எச்சரிக்கை தோன்றினால் நின்று, அறிந்தவரிடம் கேளுங்கள். ஈரானில் ஒருவர் அவ்வாறு நின்று கேட்டதனால், அவர் முகம் அறியாத பல்லாயிரவர் காக்கப்பட்டனர்.