கயாக் அறைமூடி: நீர் புகாமல் அடைக்கும் நுட்பம்

ஆர்க்டிக் கரையோர இனுயிட் மக்கள் மரச்சட்டத்தின் மேல் கடல்நாய்த் தோலைப் போர்த்திச் செய்த கயாக்கில், துடுப்பாளி அமரும் குழியைத் தவிர வேறு திறப்பு கிடையாது. சாமான்களும் அதன் வழியாகவே உள்ளே சென்றன. இன்று பிளைவுட்டும் எபாக்சிப் பிசினும் கொண்டு வீட்டிலேயே கட்டப்படும் கடல் கயாக்கில், இருக்கைக்கு முன்னும் பின்னும் தடுப்புச்சுவர் எழுப்பி, இரு முனைகளையும் காற்றறைகளாக்கி, மேல்தளத்தில் மூடியுடன் கூடிய திறப்புகளை அமைக்கிறார்கள். படகு கவிழ்ந்து குழியில் நீர் நிரம்பினாலும் அதை மிதக்கவைப்பவை இவ்வறைகளே என்பதால், மூடியின் இறுக்கம் உயிர்ப் பாதுகாப்பைச் சார்ந்த விஷயமாகிறது.

தளத்திலிருந்து மெல்லிய வாளால் அறுத்தெடுத்த துண்டையே மூடியாக்குவது பரவலான முறை. மரத்தின் ரேகை விட்டுப்போகாமல் தொடரும், தளத்தின் வளைவும் மூடிக்குக் கிடைக்கும். ஆனால் ஏறத்தாழ 4 மி.மீ. தடிமனே உள்ள பலகை, அறுபட்டதும் நிமிர முற்படும் என்பதால், வளைவுக்கேற்ப இழைத்த குறுக்குச் சட்டங்களை அதன் அடியில் ஒட்டியாக வேண்டும். மேலே இழுத்துக் கட்டும் நாடா, குவிந்த பரப்பில் படிந்தால் தன் நீளம் முழுவதும் கீழ்நோக்கி அழுத்துகிறது, தட்டையான பரப்பிலோ ஓரங்களை மட்டுமே அழுத்துகிறது. எனவே வளைவைக் காப்பது அழகுக்காக மட்டுமன்று.

திறப்பின் உட்புறம் இரண்டு, மூன்று செ.மீ. நீளும் விளிம்பை ஒட்டி, அதன்மேல் கேஸ்கெட் எனப்படும் மென்மையான அடைப்புப் பட்டையைப் பதிக்கிறார்கள். குமிழிகள் ஒன்றோடொன்று இணையாமல் தனித்தனியே மூடியிருக்கும் நியோப்ரீன் நுரைப்பட்டையே இதற்கு ஏற்றது. சாதாரண ஸ்பஞ்சு நீரை உறிஞ்சிக் கடத்திவிடும். கூர்மூலையில் பட்டை மடிந்து இடைவெளி விடுவதால் மூலைகளை உருட்டிவிடுவது நல்லது. தடித்த பட்டை ஒழுகலைத் தடுக்கும் என்று நம்புவதைவிட, விளிம்பு எங்கும் ஒரே மட்டமாக இருக்கிறதா என்று பார்ப்பதே பயன் தரும். மூடியின் அடிப்பக்க ஓரத்தில் சுண்ணக்கட்டியைத் தேய்த்து, மூடி அழுத்தித் திறந்தால், பட்டையில் வெள்ளைக்கோடு விட்டுப்போன இடமே நீர் புகும் இடம்.

இவ்வளவு செய்தும் சில படகுகளில் நீர் கசிவதற்குக் காரணம் காற்று. வெயிலில் 45 டிகிரி செல்சியஸ் வரை சூடான அறைக்காற்று, மூடியபின் 25 டிகிரி நீரில் குளிரும்போது, அதன் அழுத்தம் ஏறத்தாழ 6 விழுக்காடு குறைகிறது. சூடான சோற்றை அடைத்த டப்பா ஆறியதும் மூடி இறுகிக்கொள்வதும் இதனால்தான். முழுதும் இறுகிய அறையில் இக்குறைவு அரை மீட்டருக்கும் மேலான நீர்மட்டத்தின் அழுத்தத்துக்குச் சமம். படகின் உடல் சற்று நெளிந்துகொடுப்பதால் நடைமுறையில் இது குறையலாம். ஆயினும் மூடியைச் சுற்றி நிற்கும் நீரை உள்ளே உறிஞ்சிக்கொள்ள அது போதும். தடுப்புச்சுவரின் மேற்பகுதியில் ஒன்றிரண்டு மி.மீ. அகலத் துளை இட்டால் அழுத்தம் சமன்படும். குழியில் நீர் நிரம்பினாலும் அவ்வழியே கசிவது மிகக் குறைவு.

நெடுநாள் அழுந்திக் கிடக்கும் நுரைப்பட்டை மீளும் தன்மையை இழந்துவிடும். ஆகையால் கரையில் வைக்கும் காலத்தில் நாடாக்களைத் தளர்த்தி விடுவதும், தட்டையாகிப்போன பட்டையைத் தயங்காமல் மாற்றுவதும் அவசியம்.