மறையும் படங்களும் மறையாத பொறுப்பும்

நமது அங்கத்தினர்களின் இல்லங்களில் செல்பேசி இல்லாத வீடு இன்று அரிது. நெசவாளர் புதிதாக அறுத்த சேலையையும், விவசாயி விளைந்த வயலையும் படம் பிடித்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் இடுவது அன்றாட வழக்கமாகிவிட்டது. 2017-ஆம் ஆண்டு பிப்ரவரியில் வந்த இந்த வசதியின் தன்மை யாதெனில், இட்ட படம் 24 மணி நேரத்தில் தானே மறைந்துவிடும் என்பதாகும். இவ்வாறு மறையும் படங்களில் எவற்றைச் சேமிக்கலாம், எவற்றை விட்டுவிட வேண்டும் என்று அங்கத்தினர் பலர் நம்மை வினவுகின்றனர். அது குறித்துச் சில சொல்ல விரும்புகிறோம்.

நமது படத்தை நாமே காப்போம்

அங்கத்தினர் ஒருவர், பிடுங்கி வயலிலேயே உலர விட்டிருந்த நிலக்கடலை பருவம் தவறிய மழையில் நனைந்ததைப் படம் எடுத்து ஸ்டேட்டஸில் இட்டார். செல்பேசியில் இடம் போதவில்லை என்று மூலப் படத்தை அழித்தும் விட்டார். மூன்றாம் நாள் காலை இழப்பை அறிவிக்க முற்பட்டபோது, காட்டுவதற்குப் படம் இல்லை. பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில், அறுவடைக்குப் பின் வயலில் உலரும் பயிருக்கு நேரும் இத்தகைய சேதத்தை 72 மணி நேரத்துக்குள் தெரிவித்தல் வேண்டும். ஸ்டேட்டஸின் ஆயுளோ 24 மணி நேரமே. அண்டை வயல்காரர் அப்படத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருந்தது சிறிது உதவிற்று. எனினும் எடுத்த நேரம், இடம் ஆகிய குறிப்புகள் மூலப் படத்தில் இருப்பது போல் அதில் இருக்கவில்லை.

ஆகவே, பயன் கருதி எடுக்கும் படத்தை முதலில் செல்பேசியின் காமிராவில் எடுத்துப் பத்திரப்படுத்திய பின்னரே ஸ்டேட்டஸில் இடுக. மாதம் ஒரு முறை மெமரி கார்டிலோ, கணினியிலோ ஒரு பிரதி எடுத்து வைத்தல் நலம். இன்ஸ்டாகிராமில் நாம் இடும் ஸ்டோரிகள், நமக்கு மட்டும் தெரியும் காப்பகத்தில் தாமே சேருமாறு அமைத்துக்கொள்ள வழி உண்டு.

பிறர் படம் பிறர் உடைமை

இனி மறுபக்கத்தைக் காண்போம். நெசவாள அங்கத்தினர் ஒருவர், தாம் பல நாள் உழைத்து அமைத்த புதிய கரையை ஒரு நாள் மட்டும் உறவினர் காணட்டும் என்று ஸ்டேட்டஸில் இட்டார். பார்த்தவர்களில் ஒருவர் அதைச் சேமித்து, பாராட்டும் நோக்குடனேயே வேறொரு குழுவுக்கு அனுப்பினார். சில வாரங்களில் அதே கரை விசைத்தறிச் சேலையில் சந்தைக்கு வந்துவிட்டது. அனுப்பியவருக்குத் தீய எண்ணம் இல்லை. ஆயினும் உழைத்தவருக்கு நேர்ந்த நஷ்டம் குறைந்ததா? 2000-ஆம் ஆண்டு வடிவமைப்புச் சட்டப்படி, விண்ணப்பிக்கும் முன்பே பொதுமக்களுக்கு வெளிப்பட்டுவிட்ட வடிவத்துக்குப் பதிவு கிட்டாது என்பதையும் இங்கு நினைவூட்டுகிறோம். புதிய வடிவத்தைப் பதிவுக்கு அனுப்பும் முன் ஸ்டேட்டஸில் இடாதிருப்பதே விவேகம்.

24 மணி நேரம் என்பது படத்தின் உரியவர் வைத்த கெடு. பார்க்க அனுமதித்தவர், வைத்துக்கொள்ளவும் பரப்பவும் அனுமதித்தவர் ஆகார். பெண்களும் குழந்தைகளும் உள்ள படங்களில் இது இன்னும் முக்கியம்.

ஸ்டேட்டஸை ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் வாட்ஸ்அப் உரியவருக்கு அறிவிப்பதில்லை, ஸ்னாப்சாட் அறிவிக்கிறது. அறிவிப்பு இல்லை என்பதால் அனுமதி உண்டு என்று கொள்ளலாகாது. மறையும்படி அமைத்த செய்திகளுக்கு 2023-இல் வாட்ஸ்அப் ஒரு நல்ல ஏற்பாடு செய்தது. பெற்றவர் ஒரு செய்தியை நிலையாக வைத்துக்கொள்ள முயன்றால் அனுப்பியவருக்கு அது தெரியும்; வேண்டாமென்று மறுக்கும் உரிமையும் அவருக்கு உண்டு. நாமும் கைக்கொள்ளத்தக்க ஒழுங்கு இதுவே அன்றோ?

ஏமாற்றும் செயலிகள்

ஸ்டேட்டஸைச் சேமித்துத் தருவதாகக் கூறும் செயலிகள் பல உள்ளன. ஆண்டிராய்டு செல்பேசியில் நாம் பார்த்த ஸ்டேட்டஸின் பிரதி, மறைவான ஓர் அடைவில் சில காலம் தங்குகிறது. இச்செயலிகள் அதைப் பிரதி எடுப்பதைத் தவிரப் பெரிதாக ஒன்றும் செய்வதில்லை. அச்சிறு உதவிக்காக நமது படங்கள் யாவற்றையும் அவை காண இடமளிப்பது தகாது. கடவுச்சொல்லோ, ஓ.டி.பி. எண்ணோ கேட்கும் செயலியை உடனே நீக்கிவிடுக. வாட்ஸ்அப்பை உருமாற்றி அமைத்த போலிச் செயலிகளைப் பயன்படுத்துவோரின் கணக்கை நிறுத்திவைப்பதாக அந்நிறுவனமே அறிவித்துள்ளது.

சட்டம் கூறுவது

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்டு 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். ஒருவருடைய உடலின் அந்தரங்கப் பகுதியை அவர் சம்மதமின்றிப் படம் பிடிப்பதும் பரப்புவதும், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-இ பிரிவின்படி மூன்று ஆண்டு வரை சிறைத் தண்டனைக்கோ, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதத்துக்கோ, இரண்டுக்குமோ உரிய குற்றமாகும்.

ஆயினும், சட்டத்துக்கு அஞ்சி மட்டும் ஒழுகுவது கூட்டுறவாளர்க்கு அழகன்று. ஒருவர் மற்றவரை நம்புவதே நமது சங்கத்தின் மூலதனம். பிறர் படம் நமக்கு உண்மையில் தேவையாயின், "இதை நான் வைத்துக்கொள்ளலாமா?" என்று ஒரு வரி எழுதிக் கேட்போம். இசைந்தால் எதற்கெனக் கேட்டோமோ அதற்கு மட்டும் பயன்படுத்துவோம். மறுத்தால் மறையட்டும் என்று விடுவோம். அங்கத்தினர்கள் இவ்வழக்கத்தைத் தத்தம் இல்லத்து இளைஞர்களுக்கும் எடுத்துரைக்குமாறு வேண்டிக்கொள்கிறோம்.