எடையைக் குறைக்கலாம், பிடியைக் குறைக்கலாமா?
பந்தயக் கார்களின் ஸ்டியரிங் பாகங்கள்: உதிரி பாக வணிகர்கள் அறிய வேண்டியவை



நமது முதுகுளத்தூர் வட்டாரத்தில் மாட்டு வண்டிப் பந்தயம் பார்க்காதவர் இருக்க முடியாது. பாரம் ஏற்றும் வண்டியில் உள்ள பலகைகளும் தட்டிகளும் பந்தய வண்டியில் இருப்பதில்லை. வேண்டாத சுமை அனைத்தையும் கழற்றிவிடுகிறார்கள். ஆனால் எடை குறைய வேண்டும் என்பதற்காக அச்சை இழைத்து மெலிய வைக்கும் தச்சர் யாரும் இல்லை. பலகை போனால் ஓட்டம் கூடும், அச்சு போனால் ஆளே போய்விடுவான் என்பது அவருக்குத் தெரியும்.

இதே கணக்குதான் மோட்டார் பந்தயத்திலும் நடக்கிறது. பழைய கார்களைப் புதுப்பித்துப் பந்தயத்திற்குத் தயார் செய்யும் இளைஞர்கள் உதிரி பாகக் கடைகளில் "எடை குறைந்த ஸ்டியரிங் சாமான் இருக்கிறதா?" என்று கேட்கும்போது, கடைக்காரர் சொல்லும் பதிலில் ஓர் உயிர் அடங்கியிருக்கிறது.

நேர்கோட்டு ஓட்டம்

டிராக் ரேஸ் என்பது வளைவே இல்லாத பந்தயம். நின்ற இடத்திலிருந்து கிளம்பி, கால் மைல், அதாவது 402 மீட்டரை யார் முதலில் கடக்கிறார் என்பதே போட்டி. அமெரிக்காவில் இதற்கென்று 1951இல் தேசிய அமைப்பு தோன்றியது. தமிழகத்தில் 1953இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், இரண்டாம் உலகப் போர்க் காலத்துச் சோழவரம் விமான ஓடுதளத்தில் பல ஆண்டுகள் பந்தயங்கள் நடத்தியது. பியட், ஹெரால்டு போன்ற அன்றாடக் கார்களே அங்கே பந்தயக் கார்களாக உருமாறின. பின்னர் 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் நிரந்தரப் பந்தயத் தடம் அமைந்தது.

டிராக் ரேஸ் ஓட்டுநர்களிடையே ஒரு பொதுக்கணக்கு உண்டு. காரில் சுமார் 45 கிலோ எடை குறைந்தால், கால் மைல் ஓட்டத்தில் நொடியில் பத்தில் ஒரு பங்கு மிச்சமாகும். முன்பக்கச் சுமை குறைந்தால் பின்சக்கரங்களுக்குப் பிடிப்பும் கூடும். ஸ்டியரிங் பாகங்கள் முன்பக்கத்தில் இருப்பதால்தான் அவற்றின் மீது கண் விழுகிறது.

எங்கே குறைக்கலாம்?

முதலில் கழற்ற வேண்டியது பவர் ஸ்டியரிங். பம்ப், குழாய்கள், எண்ணெய் எல்லாம் சேர்ந்து நல்ல சுமை. நேர்கோட்டில் ஓடும் காருக்கு அது அவசியமில்லை.

அடுத்தது ஸ்டியரிங் பாக்ஸ். பழைய பெரிய கார்களின் வார்ப்பிரும்புப் பாக்ஸ்கள் கனமானவை. அமெரிக்கப் பந்தயக்காரர்கள் அவற்றைக் கழற்றிவிட்டு, 1970இல் விற்பனைக்கு வந்த போர்டு பின்டோ என்ற சிறிய காரின் ரேக் அண்டு பினியனையும், அதே ஆண்டில் வந்த செவர்லே வேகாவின் சிறிய பாக்ஸையும் பொருத்திக்கொண்டார்கள். இதில் ஒரு பாகத்தையும் அறுக்கவில்லை, துளைக்கவில்லை. சிறிய காருக்கென்றே வடிவமைத்த முழுமையான பாகத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். சரியான வழி இதுவே.

நம் நாட்டில் அம்பாசடரும் ஸ்டாண்டர்டு ஹெரால்டும் ரேக் அண்டு பினியன் கொண்டவை. பிரீமியர் பத்மினியில் இருப்பது பாக்ஸ் வகை. பத்மினிக்கு ரேக் மாற்ற விரும்புபவர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ரேக்கின் நீளமும் அது அமரும் உயரமும் காரின் சஸ்பென்ஷன் அமைப்புக்குப் பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால், முன்பகுதி ஏறி இறங்கும்போதெல்லாம் சக்கரங்கள் தாமாகவே திரும்பும். டிராக் ரேஸில் கிளம்பும்போதே கார் முகம் தூக்கும். அந்த நேரத்தில் ஓட்டுநர் திருப்பாமலேயே கார் திரும்பினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

எங்கே கை வைக்கக் கூடாது?

டை ராடு, டை ராடு எண்டு, பால் ஜாயிண்டு, ஸ்டியரிங் ஆர்ம் ஆகியவற்றைத் துளைப்பதும் அரைப்பதும் வெட்டி வெல்டிங் வைப்பதும் கூடாது. துளையின் ஓரத்தில்தான் விரிசல் பிறக்கும்.

அலுமினியத்தின் எடை இரும்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். ஆனால் எஃகுக்கு உள்ள ஒரு குணம் அதற்கு இல்லை. குறிப்பிட்ட அளவுக்குக் கீழான விசையை எஃகு எத்தனை முறை வேண்டுமானாலும் தாங்கும். அலுமினியமோ சிறு விசையானாலும் திரும்பத் திரும்ப விழுந்தால் ஒருநாள் ஒடியும். ஆகவே ஸ்டியரிங் வீல் அலுமினியமாக இருக்கலாம். டை ராடுக்கு எடை குறைய வேண்டுமானால், தரமான எஃகுக் குழாயில் செய்ததே நல்லது. ஒரே எடையில், மெல்லிய கம்பியைவிடப் பருத்த குழாய் வளையாமல் தாங்கும். மரை, தன் விட்டத்தைப் போல் ஒன்றரை மடங்கு நீளமாவது உள்ளே இறங்கியிருக்க வேண்டும். காட்டர் பின் இல்லாத இடத்தில் ஆணியைச் செருகி அனுப்பும் பழக்கம் அறவே ஆகாது. மணிக்கு 160 கிலோமீட்டர் வேகத்தில் கார் ஒரே நொடியில் 44 மீட்டர் போய்விடும். பிடி விட்டபின் யோசிக்க நேரமில்லை.

கடைக்காரர் பொறுப்பு

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 1986இல் வந்தபோது பலரும் அதைப் பெரிதாக எண்ணவில்லை. அதற்குப் பதிலாக வந்த 2019ஆம் ஆண்டுச் சட்டம் 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. பொருளால் விளையும் கேட்டிற்கு விற்பவரும் பொறுப்பாகும் சந்தர்ப்பங்களை அது வரையறுக்கிறது. விற்பவர் பொருளில் மாற்றம் செய்து, அந்த மாற்றமே கேட்டிற்கு முக்கியக் காரணமானால் அவர் பொறுப்பு. தயாரித்தவர் யார் என்றே தெரியாத பொருளை விற்றாலும் பொறுப்பு. பெயர் இல்லாத டூப்ளிகேட் டை ராடு எண்டு விற்பவர் இதை இரண்டு முறை படிக்க வேண்டும்.

ஆகவே, வாங்க வருபவரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். எந்தக் கார்? எந்த ஆண்டு? சாலைக்கா, பந்தயத் தடத்திற்கா? பதிவுச் சான்றில் உள்ள விவரங்களுக்கு மாறாகச் சாலை வாகனத்தை மாற்ற 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் தடை விதிக்கிறது என்பதையும் சொல்லுங்கள். தயாரிப்பாளர் பெயரும் பாக எண்ணும் குறித்துப் பில் போடுங்கள். காயலான் கடையில் கழற்றிய பால் ஜாயிண்டை எண்ணெய் துடைத்துப் புதிதென்று கொடுக்காதீர்கள்.

சரியான பொருள் கையில் இல்லையென்றால், "இல்லை" என்று சொல்வதும் வியாபாரமே. அன்றைக்கு ஒரு விற்பனை போகும். நாளைக்கு அந்த வாடிக்கையாளர் திரும்பி வருவார். அவர் திரும்பி வர வேண்டும் என்பதுதானே நம் எல்லோருடைய விருப்பமும்!