மாடிப்படியின் கணக்கு

சொந்த ஊரில் மாடி வீடு கட்டும் நம் அன்பர்கள் பலர், படிக்கட்டைக் கொத்தனாரின் கண்ணளவிற்கே விட்டுவிடுகின்றனர். முதிய பெற்றோர் நாள்தோறும் ஏறியிறங்கும் இடமன்றோ அது!

தேசியக் கட்டட விதித்தொகுப்பின்படி, இல்லங்களில் படியின் உயரம் 19 செ.மீ.க்கு மிகலாகாது, மிதியகலம் 25 செ.மீ.க்குக் குறையலாகாது. 17ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு அறிஞர் பிளாந்தெல் வகுத்த விதியும் எளிதே: இருமடங்கு உயரமும் ஒரு மிதியகலமும் சேர்ந்து ஒரு காலடித் தூரமாக வேண்டும். இன்று அதனை 60 முதல் 64 செ.மீ. வரை கொள்வர்.

தளத்திற்குத் தளம் 306 செ.மீ. எனில், 18 படிகள், உயரம் 17, மிதி 28, கூட்டினால் 62.

தரைக்கல் பதித்தபின் அமையும் மட்டத்தையே அளவிடுக. இன்றேல் முதற்படியும் கடைசிப்படியும் மாறுபடும். பழகிய அளவை நம்பியே கால் இறங்கும். ஒரு படி பிசகினும் இடறும். ஆகவே, இவ்வெண்களைக் கொத்தனாருக்கு எழுத்திலேயே அனுப்புக.