எடிட்டரை மாற்றாதீர்கள், எடிட்டருக்குள் மாற்றுங்கள்

வானொலியில் வேலை, படிப்பு பற்றிப் பேசும் நாள்களில் நேயர்களிடமிருந்து தவறாமல் வரும் கேள்வி ஒன்று உண்டு. "அக்கா, இணையத்தளம் செய்யக் கற்றுக்கொள்கிறேன். நிரல் எழுத எந்த எடிட்டர் நல்லது?" கேட்பவர்களில் பலர் வேலை முடிந்து வந்து இரவில் படிப்பவர்கள். கிடைப்பதே ஒன்றரை மணி நேரம். அதையும் எடிட்டர் தேடுவதிலேயே கழித்தால் கற்பது எப்போது?

என் சித்தப்பா மகன் அப்படிப்பட்டவன். ஷா ஆலாமில் தொழிற்சாலை வேலை. ஆண்டு இறுதியில் ஒப்பந்தம் முடிகிறது. அதற்குள், தானே செய்த ஒரு தளத்தைக் காட்டி வேறு வேலை தேட வேண்டும். அத்தையின் கேட்டரிங் தொழிலுக்குத் தமிழிலும் மலாயிலும் தளம் அமைக்கத் தொடங்கினான். இரண்டு மாதத்தில் நான்கு எடிட்டர்கள் மாறின. முகப்புப் பக்கம் மட்டும் முடியவில்லை.

ஒரு பக்கம் எந்த எடிட்டரில் எழுதப்பட்டது என்பது அதைப் பார்ப்பவருக்குத் தெரியாது. ஆகவே, உங்கள் கணினிக்கும் பழக்கத்துக்கும் எது பொருந்தும் என்று மட்டும் பாருங்கள்.

மைக்ரோசாஃப்ட் 2015இல் அறிமுகப்படுத்திய வி.எஸ். கோட் இலவசம். விண்டோஸ், மெக், லினக்ஸ் மூன்றிலும் இயங்கும். குரோம் உலாவியின் அடித்தளத்தில் கட்டப்பட்டதால் நினைவகத்தைச் சற்று அதிகம் கேட்கும். சப்லைம் டெக்ஸ்ட் இலகுவானது. உரிமம் 99 அமெரிக்க டாலர். வாங்கும் முன் காலவரம்பின்றிச் சோதித்துப் பார்க்கலாம். நோட்பேட் பிளஸ் பிளஸ் விண்டோஸுக்கு மட்டும். இலவசம், பழைய கணினியிலும் ஓடும். 1991இல் வந்த விம், மௌஸைத் தொடாமல் வேலை செய்ய விரும்புவோருக்கு. பழக நாள் பிடிக்கும்.

ஒரு காலத்தில் பலரும் விரும்பிய ஆட்டம் எடிட்டரை கிட்ஹப் நிறுவனம் 2022 டிசம்பரில் நிறுத்திவிட்டது. அதில் எழுதியவர்கள் வேறு எடிட்டருக்கு மாறினார்கள், கற்ற எச்.டி.எம்.எல். கையோடுதான் இருந்தது.

தம்பியிடம் வி.எஸ். கோட்டையே வைத்துக்கொள்ளச் சொன்னேன். அவனுடைய மடிக்கணினியைத் திறந்தால் முப்பதுக்கும் மேற்பட்ட நீட்சிகள்! எக்ஸ்டென்ஷன் என்ற இவை ஒவ்வொன்றும் எடிட்டருக்கு உள்ள அதே அனுமதியோடு நம் கணினியில் இயங்குபவை. வேகம் குறைவது ஒருபுறம். யார் வெளியிட்டது என்று தெரியாததை நிறுவுவது பாதுகாப்பும் அல்ல. இரண்டை மட்டும் விட்டுவைத்தோம். நிரலை ஒழுங்குபடுத்தும் பிரிட்டியர் ஒன்று. சேமித்தவுடன் உலாவியில் மாற்றத்தைக் காட்டும் லைவ் சர்வர் மற்றொன்று.

அடுத்து அமைப்புகள். கண்ட்ரோல் விசையோடு காற்புள்ளியைத் தட்டினால் அந்தப் பக்கம் திறக்கும். எழுத்தின் அளவைக் கூட்டினோம். தானாகச் சேமிப்பதை இயக்கினோம். நீண்ட வரிகள் திரைக்குள் மடிந்து வர 'வேர்ட் ராப்' வசதியை இயக்கினோம். பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

தமிழில் எழுதுபவர்கள் இன்னும் இரண்டைக் கவனிக்க வேண்டும். நிரலுக்கான எழுத்துருக்கள் பலவற்றில் தமிழ் எழுத்துகள் இருப்பதில்லை. 'ஃபான்ட் ஃபேமிலி' அமைப்பில் முதலில் நிரல் எழுத்துருவையும் அடுத்து ஒரு தமிழ் எழுத்துருவையும் குறிப்பிடுங்கள். விண்டோஸில் நிர்மலா இருக்கிறது. மெக் கணினியில் நம் நாட்டு முத்து நெடுமாறன் வடிவமைத்த இணைமதி இருக்கிறது. வரி இடைவெளியைச் சற்றுக் கூட்டினால் கொம்பும் சுழியும் நெரிசலில்லாமல் தெரியும்.

இன்னொன்று: வெற்று எச்.டி.எம்.எல். கோப்பில் ஆச்சரியக்குறி இட்டு டேப் விசையைத் தட்டினால் பக்கத்தின் அடிப்படைக் கட்டமைப்பு முழுவதும் வந்துவிடும். அதில் மொழி ஆங்கிலம் என்றே குறிக்கப்பட்டிருக்கும். தமிழ்ப் பக்கமானால் அதைத் தமிழுக்குரிய 'டி.ஏ.' என்று மாற்றுங்கள். பார்வையற்றோருக்குப் பக்கத்தை வாசித்துக் காட்டும் மென்பொருள், எந்த மொழியில் வாசிப்பது என்பதை இதைக் கொண்டுதான் அறியும்.

இதற்கு மேல் என்ன சேர்ப்பது? ஒரே இடைஞ்சல் மூன்று முறை வந்தால் அதற்கு மட்டும் ஒரு வழி தேடுங்கள் என்பது தம்பிக்கு நான் சொன்ன கணக்கு. அவனுக்கு இதுவரை ஒன்றுதான் வந்திருக்கிறது. தமிழ்ப் பக்கத்தையும் மலாய்ப் பக்கத்தையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டியிருந்தது. அதற்கு நீட்சியே தேவையில்லை. திரையை இரண்டாகப் பிரிக்கும் வசதி எடிட்டரிலேயே இருக்கிறது.

முகப்புப் பக்கம் முடிந்துவிட்டது. இப்போது உணவுப் பட்டியல் பக்கத்தில் இருக்கிறான். ஒப்பந்தம் முடிய இன்னும் நான்கு மாதம்.